தொண்ணூற்றேழு மார்க் வயிறு

"கூழுல குத்தம்னு மட்டும் சொல்லிப் பாரு, உன்னயப் புடுங்கி..."

"கூழு நல்லாத்தானுங்கம்மா இருக்குது, நான் சொல்ல வந்தது..."

"புடுங்கிக் குப்பையில போட்டுருவேன்! எம்புள்ள மூஞ்சியப் பாத்தியாடா நீ?"

"எனக்குக் கண்ணு ஏதுங்க? நான் அவங்க வயித்துக்குள்ளாறல்ல இருக்கறனுங்க."

தவமணி சண்டை போட்டுக்கொண்டிருந்தது சமையலறைச் சுவரோடு. சுவர் வழியாகப் பேசியது அவள் மகள் மேகலாவின் குடல்மணியம். செவ்வாயின் நான்காம் குமிழில் பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் பெயர் வைக்கும் நாளன்றே அரிசியளவுக் கருவி ஒன்றை வயிற்றில் பதித்துவிடுவார்கள். குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களில் எது மெலிகிறது, எது கொழுக்கிறது என்று பார்த்து, என்ன சமைக்கலாம் என்று அது வீட்டுச் சுவருக்குச் சொல்லும். மூடிய குமிழுக்குள் காற்றையும் தண்ணீரையும் போல நுண்ணுயிரையும் அளந்துதான் வளர்க்க வேண்டும். குடியேறியவர்களில் பாதிப்பேர் கொங்கு வம்சம் என்பதால் கருவிக்கும் அந்தப் பேச்சையே பழக்கியிருந்தார்கள். தவமணிக்கு அதுதான் இன்னும் எரிச்சல். எவ்வளவு திட்டினாலும் 'ங்க' போடுகிற ஒன்றோடு எப்படித்தான் சண்டை பிடிப்பது?

ஆனால் இன்றைக்குப் பிடித்தே ஆக வேண்டும். பனிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மேகலா காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வடதுருவத்துக்கு மாத்தல் கேட்டிருந்தேன், கெடைச்சிருச்சு. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள கைரேகை வெக்கோணும்." பத்து வருட ஒப்பந்தம். இடையில் ஊருக்கு வர வழி கிடையாது. கன்னமும் தாடையும் நிறையப் பருவோடு ஐந்து வருடமாகத் திரிகிற பெண், வெட்கப்பட்டுத்தான் ஓடுகிறாள் என்று தவமணி முடிவு கட்டிவிட்டாள்.

"அஞ்சு வருசமா நீ சொன்னதுல எதை உட்டேன்? சக்கரைய நிறுத்துன்னே, நிறுத்துனேன். சோயாப்பாலுக்கு உறை குத்தித் தயிராக்கித் தான்னே, தந்தேன். புளிச்ச கூழு, நீச்சத்தண்ணி, ஊறவெச்ச முள்ளங்கி. இட்லி வெந்தா நுண்ணுயிரெல்லாம் செத்துப்போயிரும்னு சொன்னே. மாவையே கரைச்சுக் குடிக்கக் குடுத்தேன்!"

"மாவக் கரைக்கச் சொல்லி நான் சொல்லலீங்கம்மா. அன்னைக்கு அவங்க பட்ட பாடு..."

"குறுக்க பேசாத!"

"வயிறு அருமையா இருக்குதுங்க. தொண்ணூத்தியேழு மார்க்கு. இந்தக் குமிழ்லயே முதல் வயிறுங்க."

"மார்க்க வெச்சு நாக்கு வழிக்கறதா? வயிறு சுத்தமானா மூஞ்சி தெளியும்னு சொன்னியே, ஏன் தெளியல? தெரிஞ்சாச் சொல்லு, தெரியாட்டி வாய மூடு."



"தெரியுமுங்க. உள்ள இருக்கறத வெளிய சொல்ல அவங்க உத்தரவு வேணும், அதனால சொல்லலீங்க. இன்னைக்குக் காத்தால உத்தரவு குடுத்துட்டாங்க. அம்மா கேட்டா அத்தனையும் சொல்லிருன்னாங்க."

"சொல்லித் தொலை."

"பரு வர்றதுக்கு வயசும் வம்சமும் காரணமுங்க. அதுல உங்க மேல தப்பில்லீங்க. ஆனா ஆறி வர்ற நேரத்துல, ஒரு நாளைக்கு நாலு வேளை, அவங்க வயிறு சுருட்டிப் புடிச்சுக்குதுங்க. பதட்டச் சுரப்பு ஏறுது. ஆறுனது மறுக்கா சிவந்துக்குது. ஏழு மணி, பதினொண்ணு, நாலு, எட்டு."

"அது நான் மோரு குடுக்கற நேரமாச்சே!"

"ஆமாங்க. டம்ளர்ல மோரு மட்டும் வரலீங்கம்மா."

"பின்ன என்னத்தக் கலந்தேன்?"

"'மறுபடியும் கிள்ளுனியா?' 'எதுத்த வீட்டு வசுமதியப் பாரு, கன்னம் கண்ணாடியாட்டம்.' 'அந்தப் பக்கம் திரும்பு, ஆளுக வர்றாங்க.' 'இது வடுவாகிப் போனா என்னடி பண்ணுவே?' இது மாதிரி, நான் எண்ணுனவரைக்கும் ஆறாயிரத்து இருநூத்திப் பதினொண்ணுங்க."

தவமணி கையிலிருந்த கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தாள். "பெத்தவ கேக்கக் கூடாதா? அக்கறைடா அது, அக்கறை! பெத்த வயிறு எரியறது உனக்கென்னடா தெரியும்?"

"தெரியாதுங்க. நான் இருக்கறது புள்ள வயித்துலீங்க."

தவமணி கரண்டியை எடுத்துக் கழுவினாள். கழுவிய கரண்டியையே திரும்பவும் கழுவினாள்.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க," என்றது சுவர். "அஞ்சரைக்கு வருவாங்களாம். அரை மணி நேரம் உங்ககூட உக்காருவாங்களாம். மூஞ்சியப் பத்தி ஒரு வார்த்தை வரலீன்னா மாத்தல ரத்துப் பண்ணிருவாங்களாம்."

"அவ்வளவுதானா?" தவமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அரை மணி நேரம் என்ன, ஆயுசுக்கும் பேசமாட்டேன். நீ பாத்துட்டே இரு!"

ஐந்தரைக்கு மேகலா வந்தாள். தவமணி மோர் கொடுத்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் கொடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சுரங்கத்தில் இன்றைக்கு எத்தனை அடி தோண்டினார்கள் என்று விசாரித்தாள். மகள் முதலில் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மெல்லப் பேசத் தொடங்கினாள். துளைபோடும் எந்திரம் ஒன்று தான் தோண்டிய குழியிலேயே தலைகுப்புற விழுந்து, "என்னயக் காப்பாத்துங்க, நான் அரசாங்கச் சொத்து" என்று கத்தியதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சமையலறையில் அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று! தவமணியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆறுக்கு இரண்டு நிமிடம். மேகலா மாற்றல் பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் 'ரத்து' என்ற கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, இன்னும் சிரிப்பு அடங்காமல், "என்னம்மா அப்படிப் பாக்கறே?" என்றாள்.

தவமணிக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இத்தனை வருடக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. குறையாகச் சொன்னால்தானே தப்பு? மகளின் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. இப்பிடிச் சிரிக்கறப்ப மூஞ்சி எவ்வளவு தெளிஞ்சு தெரியுது பாரு!"