வீட்டில் நம்மில் ஒருவர்

பூட்டிக் கிடக்கும் அறைக்குள் மின்விசிறி ஓடுகிறது என்று, வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் நர்ஸ் பெண் போனில் சொன்னபோது, டீச்சருக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தைத் தன் கையாலேயே துண்டித்துவிட்டுத்தான் வெளியேறியிருந்தாள். பூட்டின் ஒரே சாவி அவள் கைப்பையில் இருந்தது.

அது அவளுடைய அப்பா கட்டிய வீடு. அதை வாடகைக்கு விடுவது அவர்கள் குடும்பத்தில் இல்லாத பழக்கம். ஐம்பதை நெருங்கும் வயதில் மருந்துக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, இருவருமாக வேறொரு வீடு வாங்கியபோது, இதை வாடகைக்கு விட்டுத்தான் அதை வாங்க முடிந்தது. ஆனாலும் அப்பாவின் அறையை மட்டும் விட மனம் வரவில்லை. "நம்ம வீட்டுல நம்மள்ல ஒருத்தர் எப்பவும் இருக்கணும்" என்பது அப்பாவின் வாக்கு. பூட்டைப் போட்டுவிட்டு, கதவில் நெற்றியை வைத்து, "நான் எங்கயும் போகலப்பா, இங்கயேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினாள்.

அன்று முதல் புது வீட்டில் அவளுக்குச் சோறு மண்ணாகத்தான் இறங்கியது. "உன்கூடப் பேசறதும் செவுத்தோட பேசறதும் ஒண்ணா இருக்கும்மா" என்றார் கணவர். கண்ணை மூடினால் பழைய வீட்டு ஹால் தெரிந்தது. நர்ஸ் பெண் ஜன்னலோரம் தலை துவட்டுவதும், அவள் புருஷன் பின்னால் வந்து நிற்பதும், இருவரும் எதற்கோ சிரிப்பதும், பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் அத்தனை துல்லியமாகத் தெரிந்தன. வயிறு எரிந்தது.

போன் வந்த அன்று சாயங்காலம் டீச்சரும் கணவரும் பழைய வீட்டுக்குப் போனார்கள். வாசலில் எதிர்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர், உங்க வீட்டுக்கு இப்பத்தான் களையே வந்திருக்கு!"

வருஷக்கணக்கில் டீச்சர் தோள் கொடுத்துத் தள்ளிய முன்கதவு, நர்ஸ் பெண்ணின் ஒற்றை விரலுக்குத் திறந்தது.

"வாங்க டீச்சர். உள்ள யாரோ நடக்கற மாதிரியும் இருக்கு. எலியா இருக்கும்னு இவரு சொல்றாரு."

"எங்க வீட்டுல எலி கிடையாது" என்றாள் டீச்சர், முதுகை நிமிர்த்தி.

ஜன்னலில் நர்ஸ் பெண் மாட்டிய நீலத் திரை. அதன் ஓரத்துச் சின்னக் கிழிசலைக்கூட அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். எங்கே என்று நினைவில்லை. பின்னால் கணவர் நர்ஸ் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். புது வீட்டில் ஒருநாளும் கேட்காத சிரிப்பு.

பூட்டைத் திறந்து தனியாக உள்ளே போனாள். பூட்டிய அறைக்கான புழுக்க வாடை இல்லை. அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல், வெதுவெதுப்பாக மிதந்தது. மேலே மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் தூசி. தூசியின் நடுவே வெறுங்காலால் நடந்து நடந்து தேய்ந்த ஒரு தடம், கட்டிலிலிருந்து ஹால் பக்கத்துச் சுவர்வரை.

சுவரில் ஒரு சின்ன ஓட்டை. நகத்தால் சுரண்டியது. அதற்கு மேலே எண்ணெய்க் கறை, ஒரு நெற்றியின் அகலத்துக்கு.

அவள் உயரத்துக்கு.

நெற்றியை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. ஓட்டையில் கண்ணை வைத்தாள். ஹால் தெரிந்தது. கணவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

பூட்டு விழுந்தது.

ஹாலுக்குள் ஒருத்தி வந்தாள். டீச்சரின் புடவை. டீச்சரின் கைப்பை. சாவியை அதற்குள் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. இனிமே ஃபேன் ஓடினா கண்டுக்காதீங்க. இது உங்க வீடு மாதிரி."

டீச்சரின் குரல்.

"என்ன, மொகமே தெளிஞ்சிருச்சே?" என்றார் கணவர்.

"பாரம் எறங்கின மாதிரி இருக்குங்க. வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரை பிடித்ததில்லை.

அறைக்குள்ளிருந்து டீச்சர் கத்தினாள். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. சுவரைப் பிறாண்டினாள். விரல் நுனியில் நகங்கள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன.

முன்கதவு சாத்திக்கொண்டது. நர்ஸ் பெண் ஜன்னலோரம் போய் ஈரத் தலையை அவிழ்த்துவிட்டாள். அவள் புருஷன் பின்னால் வந்து நின்றான். எதற்கோ சிரித்தார்கள்.

ஓட்டையில் ஒரு கண். இமைக்கவில்லை.