செவ்வலரி கொடுத்த செம்பு

அரசர் விழுந்தார்.

சபை எழுந்து நின்று கைதட்டியது!

புரோசார்ட் மண்டபத்தில் ஒரு கதிரை கூடக் காலியில்லை. கிருபானந்தன் எத்தனையோ வருடங்களாக மொன்றியல் தமிழ் மேடைகளில் அரசராக இருந்து வருகிறவர். தமிழ்ச் சங்கம் எந்த நாடகம் போட்டாலும் அரசர் அவர்தான். அரசரே இல்லாத நாடகம் என்றால், ஓர் அரசரை உள்ளே நுழைத்துவிடுவார். அவருக்காகச் சபை எழுந்து நின்றது அன்றுதான் முதல் தடவை.

பாவம்... அதைப் பார்க்க மனிதருக்கு நினைவில்லை.

வாயில் நுரை தள்ளியது. கால்கள் இழுத்துக்கொண்டன. முன்வரிசையில் ஒருவர், மனிசன் இன்றைக்குத்தான் ஒழுங்காக நடிக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெச்சிக்கொண்டார்.

எதிரே நின்ற அஜந்தாவுக்கு மட்டும் அது நடிப்பாகத் தெரியவில்லை.

நாடகத்தில் அவள் செவ்வலரி. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கொலைகாரி. ஆடல்மகள் வேஷத்தில் எதிரி அரண்மனைக்குள் புகுந்து, அரசருக்குச் செம்பில் பானம் நீட்டுவாள். முதலில் தானே குடித்துக் காட்டுவாள். பிறகு, மோதிரத்துக்குள் இருக்கிற நஞ்சை யாரும் பார்க்காமல் செம்புக்குள் தட்டிவிடுவாள்.

எல்லாம் பொய். மோதிரம் பிளாஸ்டிக். நஞ்சு கற்கண்டுத் தூள். பானம் நன்னாரி சர்பத்.

ஆனால் சாகும்போது அரசருக்கு மூன்று பக்க வசனம் இருந்தது. ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்காத கிருபானந்தன், மூன்று பக்கத்தையும் விழுங்கிவிட்டுக் கிடக்கிறார் என்றால்...?

"திரையை மூடுங்கோ! ஆம்புலன்சுக்கு அடியுங்கோ!" என்று அஜந்தா கத்தினாள்.

சபை அதற்கும் கைதட்டியது.

*

கிருபானந்தன் சாகவில்லை.

வயிற்றுக்குள் நஞ்சு போயிருக்கிறது, கொஞ்சம் கூடியிருந்தால் ஆள் முடிந்திருப்பார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் சொல், "அஜந்தா."

அன்பினால் அல்ல.

மறுநாளே டிடெக்டிவ் தனோஜன் சென்ட் லோரன்டில் அவள் வீட்டு மணியை அடித்துவிட்டான். மொன்றியலில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பெடியன். பிரெஞ்சில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் வழுக்கி விழுகிறவன்.

"போன்ஜூர், அக்கா" என்று அவன் பொலிஸ் அடையாளப் பட்டையைக் காட்டியபோது, உள்ளே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் வாயைப் பிளந்தன.

அஜந்தா வீட்டிலேயே கார்டெரி நடத்துகிறாள். ஊரார் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற வேலை. புருஷன் விட்டுப்போன பிறகு ஒற்றை ஆளாக நின்று நிமிர்த்தியது அது. பொலிசில் பெயர் விழுந்தால் அனுமதிப் பத்திரம் போய்விடும். அதற்கு முன்பே தாய்மார் முந்திக்கொண்டார்கள். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கூட்டிப்போக வந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளை வாசலில் குதித்துக்கொண்டு நின்றது!

நஞ்சு வைக்கிறவளிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? அவளாக இருந்தாலும் விடமாட்டாள்.

குழந்தைகள் போனதும் தனோஜன் கேட்டான். "நஞ்சு போட்டது ஆர், அக்கா?"

பதற்றத்தில் அஜந்தாவுக்கு நாடகம்தான் வாயில் வந்தது. "செவ்வலரி."

"அவவின்ர விலாசம்?"

"தம்பி... அவ செத்து இரண்டாயிரம் வருசம்."

தனோஜன் எழுதியதை வெட்டினான்.

பிறகு அவன் கேட்டதுதான் கேள்வி. அதே செம்பில் அவளும் குடித்தாளே, அவளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

வாய் வைக்கவில்லை, அண்ணாந்து குடித்தேன் என்றாள் அஜந்தா. அண்ணாந்து என்றால் என்ன என்று அவன் விழித்தான். அவள் தண்ணீர்ப் போத்தலை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, தொண்டைக்குள் ஊற்றிக் காட்டினாள். அவனும் செய்து பார்த்தான். சட்டை நனைந்தது.

நனைந்த சட்டையோடு அவன் முகம் மாறியது.

"சர்பத்தில நஞ்சு இல்லை, அக்கா. செம்பின்ர விளிம்பிலதான் பூசியிருக்கு. இது ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கிருபானந்தன் ஐயாவுக்கும் சர்பத்தில எண்டுதான் சொல்லியிருக்கிறம். வாய் வைக்கக் கூடாதெண்டு உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

போச்சு! சொன்ன உண்மையே கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

ஒத்திகையில் எல்லாம் தான் வாய் வைத்துத்தான் குடித்ததாக அவள் அவசரமாகச் சொன்னாள். நாடகம் எழுதியது அபினவ். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிற சென்னைப் பையன். உதட்டில் வைத்துக் கிறக்கமாகக் குடித்தால்தான் கொலைகாரிக்கு அழகு என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். கிருபானந்தன் ஆசாரக்காரர். பெண்சாதி குடித்த எச்சிலையும் தொடமாட்டார். அவர்தான் எப்போதும் அண்ணாந்து குடிப்பார். நாடகத்தன்று மட்டும் உதட்டுச் சாயம் அழிந்துவிடும் என்று அவளும் அண்ணாந்தாள். அவர் ஏன் வாய் வைத்தார் என்று அவளுக்குத் தெரியாது...

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

ஒத்திகையில் வாய் வைத்தது அவள் ஒருத்திதான். அப்படியென்றால் அந்த நஞ்சு...

அவளுக்கு வைத்தது!

"தம்பி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம். அவரோட ஒருக்காக் கதைக்க வேணும்."

*

கட்டிலில் கிருபானந்தன் தோற்ற மன்னன் போலப் படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி குணேஸ்வரி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அஜந்தாவைக் கண்டதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பெரிய நடிப்புத்தான்.

அஜந்தா பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணை, ஒத்திகையில மாதிரித்தான் நான் அண்டைக்கும் வாய் வச்சுக் குடிச்சனான். எனக்கு ஒண்டும் செய்யேல்லை. அப்ப நான் தரேக்க செம்பு சுத்தம். பேந்து நீங்களே போட்டுக் குடிச்சிட்டு என்னில பழி போடுறியள்."

கிருபானந்தன் விருட்டென்று எழும்பினார். சேலைன் குழாய் ஆடியது.

"பொய்! நீ எங்க வாய் வச்சனீ? வச்சிருந்தா நீயெல்லோ விழுந்திருப்பாய்! நான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ அண்ணாந்தெல்லோ குடிச்சனீ!"



தனோஜன் மெதுவாக முன்னால் வந்தான்.

"ஐயா, உங்களுக்கு நஞ்சு சர்பத்தில எண்டுதான் சொன்னனாங்கள். அப்பிடியெண்டா அண்ணாந்து குடிச்சாலும் அவ விழ வேணும். விளிம்பில எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

கிருபானந்தன் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை.

வந்தது அழுகைதான். ரொறொன்ரோக்காரர் இந்த நாடகத்தை அங்கே போடக் கேட்டிருந்தார்களாம். செவ்வலரியை மட்டும் அனுப்பினால் போதுமாம். ராசாவை அங்கேயே பார்த்துக்கொள்வார்களாம்! அந்த ஒரு சொல்லுக்காக ஒரு உயிரை எடுக்கத் துணிந்திருக்கிறார் மனிதர்.

"பிறகு நீங்கள் ஏன் வாய் வச்சனீங்கள்?" என்றான் தனோஜன்.

"அண்ணாந்தனான் தம்பி... தலையில கிரீடம் வழுகிச்சுது. அது விழுந்தா அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர மொட்டைத் தலை தெரியுமெல்லோ! டக்கெண்டு தலையை நிமித்தினனா... கையில இருந்த செம்பு வாயில பட்டிட்டுது."

குணேஸ்வரி கடைசிச் சுளையையும் உரித்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"இவ்வளவு காலத்தில, பின்னுக்கு நிண்டு ஒருத்தரும் எடுத்துக் குடுக்காமல் இவர் பேசின முதல் வசனம் இதுதான்" என்றாள்.

*

குணேஸ்வரிதான் அஜந்தாவைக் காரில் ஏற்றிக்கொண்டாள். வெளியே பனி கொட்டியது.

பாலம் தாண்டுவதற்குள் செய்தி பரவி, அஜந்தாவின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுகமாகிவிட்டார்களாம். திங்கட்கிழமை கொண்டுவந்து விடலாமா என்று தாய்மார் தேனாகப் பேசினார்கள். அஜந்தாவுக்குக் கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது.

"அக்கா, உங்களுக்குத்தான் கோயில் கட்ட வேணும்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உதட்டுச் சாயம் அழிஞ்சிடும், அண்ணாந்து குடியும் எண்டு மேக்கப் போடேக்க நீங்கள் சொல்லாட்டி, நான் இப்ப சவம்."

"அதுக்குத்தானே சொன்னனான்."

அஜந்தா திரும்பிப் பார்த்தாள்.

குணேஸ்வரி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுக்களையில் அவர் செம்புக்குப் பூசுகிறதைத் தான் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். மரக்கறி விலை சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அப்ப... அப்பவே பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"ஆர் நம்புவினம் பிள்ளை? அவர் சங்கத் தலைவர். கோயிலில சத்தியம் பண்ணியிருப்பார். எல்லாரும் என்னைத்தான் விசரி எண்டிருப்பினம். பேந்து இன்னொரு நாள் உமக்குச் செய்திருப்பார். இல்லாட்டி எனக்கு."

"நல்ல காலம், கிரீடம் வழுகிச்சுது..."

"அது எப்பிடிப் பிள்ளை தானா வழுகும்? ஒவ்வொரு நாடகத்துக்கும் அதுக்கு ஊசி குத்திறது நான்தான்." குணேஸ்வரி சிக்னல் போட்டுத் திரும்பினாள். "அண்டைக்குக் குத்தேல்லை."

ஸ்டீரிங்கில் இருந்த அவள் கைகளை அஜந்தா பார்த்தாள். செவ்வலரிக்கு நாட்டியம் வேண்டியிருந்தது, மோதிரம் வேண்டியிருந்தது. இந்த மனுசிக்கு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை.

கார் நின்றது. குணேஸ்வரியின் வீட்டு வாசல்.

"குளிரில நடுங்கிறீர். உள்ளுக்கு வாரும், சூடா ஒரு தேத்தண்ணி ஊத்தித் தாறன். குடிச்சிட்டுப் போகலாம்."

காலையில் முட்டைப் பொரியலோடு பாண் சாப்பிட்ட அஜந்தா, சீற் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இல்லை அக்கா... இண்டைக்கு எனக்கு விரதம்!"