லீவு முடிவதற்குள் ஒரு பிள்ளை

அம்சத் பீவி செய்த குற்றம் ஐந்து இடியாப்பமும் ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் பாயாவும்.

பத்து மணிக்கு மருமகள் ஷர்மினுக்குக் கம்பத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆப்பரேசன். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வாசலில் கார் நிற்கிறது. மருமகளோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிறாள்! மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மாவும் தேனிக்குப் போய்விடுவார்.

"அம்மா... என்ன காரியம் பண்ணிட்டீக!" மகன் ஹக்கீம் அலறினான். "நாளைக்கி நான் துபாய்க்கு ஏறணும். எம்புள்ள மூஞ்சிய போன்லதான் பாக்கணுமா?"

பிரசவத் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஹக்கீமின் லீவோ நாளையோடு சரி. 'எந்த நாள் தோது?' என்று டாக்டரம்மா கேட்க, பிறக்காத பிள்ளைக்கும் ஒரு டிக்கெட் போட்டாகிவிட்டது.

ஷர்மினின் தாய் ரெஹானா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் சம்மந்தி, எம்மக வலியில துடிச்சாத்தான் ஒங்களுக்கு நெஞ்சு குளுருமா? எங்க தெருவுல போன வருசம் பெத்தவ பூராம் ஆப்பரேசன்தான். காலைல போனாளுக, மத்தியானம் புள்ளையக் காட்டுனாளுக!"

அம்சத் பீவி வாய் திறக்கவில்லை. அவள் தெருவே காணாத அதிசயம் அது! அவளிடம் சொன்ன ரகசியம் சோறு வேகுமுன் உத்தமபாளையம் போய்ச் சேரும் என்பது அவளே ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆனால் விடியலில், சுபுஹு தொழுதுவிட்டு அடுக்களைக்கு வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஷர்மின் அழுதிருந்தாள். "பயமா இருக்கு மாமி... வலி வர்ற வரைக்கும் பொறுக்கலாமே. அவுக ஆசையா இருக்காக, எப்புடிச் சொல்லுவேன்? நீங்களும் சொல்லிறாதீக!"

அந்த ஒன்று மட்டும் அவள் தொண்டையைத் தாண்டவில்லை. பதிலுக்கு மருமகள் தொண்டையை இடியாப்பம் தாண்டியது.

"எம்மகள நான் கூட்டிட்டுப் போறேன். இனி இந்தப் படிய மிதிக்க மாட்டா!" என்றாள் ரெஹானா.

"வேணாம் சம்மந்தி... புள்ள இங்கனயே இருக்கட்டும். நான் கூடலூர்ல எந் தம்பி வீட்டுக்குப் போயிக்கிறேன்."

இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு அம்சத் பீவி படி இறங்கினாள். மகன் தடுக்கவில்லை. அந்த வெட்டுக்கு மயக்க ஊசியும் கிடையாது.

"மாமி... நில்லுங்க!"

வயிற்றைத் தாங்கியபடி ஷர்மின் ஓடி வந்தாள். கார்க்காரர்கூடப் பதறி இறங்கிவிட்டார்.

"நான்தான் கேட்டேன்! மாமி மேல ஒரு தப்பும் இல்ல..." கணவனைப் பார்த்து விம்மினாள். "புள்ள நல்லா இருக்கு, தலை எறங்கியிருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாகல்ல? ஆபத்துன்னா இப்பவே கத்தி வைக்கட்டும், நானே கையெழுத்துப் போடுறேன். ஒங்க டிக்கெட்டுக்காக வேணாங்க..."

ஹக்கீம் சுவரோடு சாய்ந்தான். பிறகு போனை எடுத்து, துபாயில் இருக்கும் மலையாளி முதலாளியைக் கூப்பிட்டான்.

"சேட்டா, ஒரு பத்து திவசம் கூடி லீவு தரணே..."

அந்தப் பக்கத்து வசவு வாசல்வரை கேட்டது. கடைசியில், சம்பளமில்லாமல் பத்து நாள் கிடைத்தது!

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சம்மந்தி?" ரெஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சொன்னா அவளையில்ல வஞ்சிருப்பீக! எனக்கு வாங்கிப் பழக்கந்தானே..."

ஷர்மின் மாமியைக் கட்டிக்கொண்டாள். நடுவில் வயிறு இடித்ததால் கை முழுதாக எட்டவில்லை. உள்ளிருந்து ஓங்கி ஓர் உதை... அம்சத் பீவியின் விலாவில் விழுந்தது.

"யா அல்லா!" கண்ணீரோடு சிரித்தாள் அவள். "ஏலே ஹக்கீமு, இங்கன வா! கைய வையி... ஒம்புள்ள பேசுது!"