நாற்பதாம் நாள் கடிதம்

மாமனார் ஸ்டமாட்டிஸ் இறந்து அன்று நாற்பதாம் நாள். கோவிலில் வைத்து ஊராருக்குக் கொடுக்க வேண்டிய வெந்த கோதுமையில் எவாந்தியா மாதுளை முத்துகளைக் கலந்துகொண்டிருந்தாள். நாத்தனார் கிரிசூலா உள்ளே வந்து மேஜைமேல் ஒரு கடிதத்தை வீசினாள்.

"நேத்து தபால்ல வந்துச்சு அண்ணி. உங்க ஆய்வகத்துக்காரங்க எழுதியிருக்காங்க. அப்பாவோட கண்ணைக் குடுத்ததுக்கு நன்றியாம்."

அவளுக்குப் பின்னால் கறுப்பு உடையில் மாமியார் போலிக்சேனி நின்றிருந்தாள்.

"இவ சொல்றது நெசமா?"

"நெசம்தான் அத்தை."

போலிக்சேனி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பது நாளா மெழுகுவத்தி ஏத்தறேன்... மனுசனை முழுசாப் புதைச்சோம்னு நெனச்சுக்கிட்டு. நீ அவரைக் கண்ணில்லாம அனுப்பியிருக்கே."

"வேலைக்குச் சேந்து ஒண்ணரை வருசம்தானே ஆச்சு? சீக்கிரம் மேல வரணுமில்ல?" என்றாள் கிரிசூலா.

எவாந்தியாவுக்கு வயது நாற்பத்து நான்கு. பத்ராஸ் நகரத்துக் கண்நோய் ஆய்வகத்தில் எல்லோருக்கும் கீழ்ப்படியில் இருக்கும் ஆராய்ச்சியாளர் அவள். இறந்தவர்கள் தானமாகத் தந்த கண்களை முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்வை நரம்பின் செல்களை எண்ண வேண்டும். அவளோடு எண்ணுகிறவர்களுக்கெல்லாம் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது.

அந்த வயதில் அவளும் உயிரியல்தான் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் மாமனாருக்குக் கண் அழுத்த நோய் முற்றியது. அவர் நடத்திவந்த அச்சுக்கூடத்தைப் பார்க்க ஆள் வேண்டும், படிப்பை விடு என்றார்கள். விட்டாள். வேளை தவறாமல் அவர் கண்ணில் மருந்து விட்டாள். பார்வை முழுதும் போனபின் தினமும் செய்தித்தாள் படித்துக் காட்டினாள். மகள் ஏதென்ஸுக்குப் படிக்கப் போனபிறகுதான் விட்ட படிப்பை முடித்து இந்த வேலையில் சேர்ந்தாள். இந்த வயதிலா என்று வீடே சிரித்தது. கிழவர் மட்டும் சாயங்காலமானால் கேட்பார், "இன்னிக்கு எத்தனை எண்ணினே மருமகளே?"

வாசற்படியில் கணவன் மெனெலாவோஸ் பாதி கட்டிய டையோடு நின்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். போன குளிர்காலத்தில் அப்பா அவர்கள் இருவரையும் கூப்பிட்டு, தானாகவே கேட்டுக் கண்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "உங்கம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க. நாப்பது நாள் நிம்மதியா அழட்டும். அப்புறம் நீயே சொல்லுடா" என்று மகனிடம் சொல்லி, இருவரிடமும் வாக்கும் வாங்கியிருந்தார்.

எவாந்தியா கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து டையைப் பார்த்தான்.

"அந்த வேலையை விடு. இல்லேன்னா இந்த வீட்டை விடு" என்றாள் போலிக்சேனி. "இன்னிக்குக் கோவிலுக்கும் வராதே."

எவாந்தியா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வீடு விடச் சொன்னதை ஒரு தடவை விட்டுட்டேன் அத்தை. மாமாவுக்காக விட்டேன், அதுல வருத்தமில்ல. இன்னொரு தடவை விடமாட்டேன். திங்கக்கிழமை காலையில வேலைக்குப் போவேன். இப்பக் கோவிலுக்கும் வருவேன். பதினாறு வருசம் அவருக்குக் கண்ணா இருந்தவ நான். என்னை வராதேன்னு சொல்ல யாராலயும் முடியாது."

"அப்புறம் ஏன் மறைச்சே?"

"வாக்குக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அறைக்குப் போய்த் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். கறுப்புக் கோட்டுடன் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது மெனெலாவோஸ் வழியில் நின்றான்.

"அம்மா, அந்தப் பேப்பர்ல சாட்சிக் கையெழுத்து என்னுது."

போலிக்சேனி மகன் பக்கம் திரும்பினாள்.

"அப்பாதான் கேட்டாரு. 'எங்கப்பனுக்கு இந்தக் கண்நோய் வந்துச்சு, எனக்கு வந்துச்சு, நாளைக்கு உனக்கும் வரலாம். எதனால வருதுன்னு அவங்க பாக்கட்டும்'னாரு. நான்தான் உன்கிட்டச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்..."

"உன் பொண்டாட்டி இவ்வளவு பேச்சு வாங்கற வரைக்குமா பயந்தே?"

கிரிசூலா கடிதத்தை எடுத்து மெதுவாக மடித்தாள்.

போலிக்சேனி மருமகளிடம் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "நீயா... அறுத்தே?"

"சொந்தக்காரங்க தொடக் கூடாதுன்னு விதி அத்தை. ஆனா ஆஸ்பத்திரியிலேருந்து அந்த ஐஸ் பெட்டியைக் கொண்டுபோனது நான்தான். டிரைவர் பின்னாடி வைக்கச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். மடியிலயே வெச்சுக்கிட்டுப் போனேன்."

போலிக்சேனியின் முகம் உடைந்தது. மருமகளின் தோளில் சாய்ந்து, கணவர் இறந்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். எவாந்தியா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை அணைத்துக்கொண்டாள். அவள் கண்களும் நிறைந்தன. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"நீங்க பேசினது எனக்கு வலிச்சுது அத்தை. இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். வேலையை விடுன்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்டி... சொல்லவும் விடமாட்டேன்."

கோவிலில் போலிக்சேனி முன்வரிசையில் மருமகளின் கையைப் பிடித்தபடியே நின்றாள். பூசை முடிந்ததும் ஸ்டமாட்டிஸின் தங்கை வந்து காதோரம் கிசுகிசுத்தாள்.

"என்னென்னவோ பேசிக்கிறாங்களே அண்ணி. அண்ணன் கண்ணை எடுத்துட்டாங்களாமே?"

"எடுக்கல. குடுத்துட்டுப் போனாரு" என்றாள் போலிக்சேனி, கோவில் முழுக்கக் கேட்கும்படி. "என் மருமக வேலை செய்யற எடத்துக்கு."

தங்கை சிலுவை போட்டுக்கொண்டாள். "உயிர்த்தெழற நாள்ல பாவம், கண்ணுக்கு என்ன செய்வாரு?"

"அதைக் கடவுள் பாத்துக்குவாரு. நீயும் அந்த ரத்தம்தானே? முதல்ல போய் உன் கண்ணை டாக்டர்கிட்டக் காட்டு."