பழைய கசட்டும் புதுப் பெட்டியும்

கொட்டுகிற மழை... காவல் சென்றியில் நின்ற இந்தியச் சிப்பாய், குணலட்சுமியின் சைக்கிள் கரியரைக் காட்டி ஏதோ கேட்டான். அவன் பாஷை அவளுக்கு விளங்கவில்லை. அவள் கொண்டு வந்த பெட்டி அவனுக்கு விளங்கவில்லை. கறுப்புப் பெட்டி, தொங்குகிற வயர்கள்... 1989இல் யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பொல்லாத சாமான் உண்டா?

"ரீவி கேம், சேர்! பேபி பிளே!" வரிசையில் பின்னால் நின்றவன் கத்தினான். விரல்களால் விளையாடியும் காட்டினான். சிப்பாய் சிரித்து வழிவிட்டான்.

கொஞ்சத் தூரம் போனதும் அவள் சீறினாள். "பேபி எண்டு ஆரைச் சொன்னனீங்கள்?"

"பின்னை, இவ்வளவு பெரிய பிள்ளை விளையாடுது எண்டால் நம்புவானோ?"

மழை வழிகிற முகத்தில் சிரிப்பை விடாத இரண்டு கண்கள்... சே, இந்த நேரத்தில் கண்ணையா பார்ப்பது?

பெயர் பஞ்சலிங்கம். அவள் தேடிப் போன திருத்துகடையே அவனுடையதுதான். பலகையில் 'இலத்திரனியல் நிபுணர்' என்றிருந்தது. நிபுணத்துவம் தபாலில் வந்தது. பன்னிரண்டு பாடத்தில் பத்து வந்து சேர்ந்திருந்தது.

அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். அண்ணன் ஜேர்மனியிலிருந்து அனுப்பிய புதுப் பெட்டி. முந்தி அனுப்பிய பழைய பெட்டியின் கேம் கசட்டுகளும் இதில் ஓடும் என்று கடிதத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியை அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற ஓவசியர் நமசிவாயம், ஒழுங்கையில் வீடு வீடாகப் பிரகடனம் செய்துவிட்டார். ஞாயிறு பத்து மணிக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போகிறார். கல்லூரி அதிபரும் வருகிறார். நேற்று அவள் களவாகப் பழைய கசட்டைப் போட்டுப் பார்த்தாள்... திரை வெறுமையாய்க் கிடந்தது. இப்போது அலுமாரியில், பட்டுத்துணிக்குக் கீழே பெட்டிக்குப் பதிலாக இருப்பது பிஸ்கட் தகரப்பேணி. அது தெரியாமல் அப்பா காலையில் அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்.

"பழைய கசட் புதிசிலை ஓடாது, பிள்ளை. இது விஞ்ஞானம்."

"ஓடும் எண்டு அண்ணை எழுதியிருக்கிறார்."

"அவர் அங்கை என்ன வேலை?"

"சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவுறார். எண்டாலும் பெட்டியோடை வந்த புத்தகத்தை வாசிச்சவர். நீங்கள் வாசிப்பியளோ?"

நிபுணர் புத்தகத்தைப் புரட்டினார். முழுக்க ஜேர்மன். மெதுவாக மூடிவைத்தார். "வியாழக்கிழமை வாங்கோ..."

வியாழன், "நாளைக்கு" என்றான். வெள்ளி, "ஒரு சாமான் வரவேணும்" என்றான். ஸ்டூலைத் துடைத்துவிட்டான், பால் விடாத பிளேன்ரீ தந்தான்... அவள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் அப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்று வரவேற்புரை பழகினார்.

சனிக்கிழமை அவள் உடைந்தேவிட்டாள். "பெட்டியைத் தாங்கோ. அப்பாவிட்டை உண்மையைச் சொல்லப் போறன். சனத்துக்கு முன்னாலை அவர் தலைகுனிஞ்சு நிண்டால்... என்னாலை பாக்கேலாது."

அவன் சுவிட்சைப் போட்டான். திரையில் நிறம் நிறமாக விண்கலங்கள் பறந்தன! புதுப் பெட்டியில் பழைய கசட்...

"என்ன பிழை?"

மஞ்சள் படிந்த பஞ்சை நீட்டினான். "சந்தனம்."

அவளுக்கு நினைவு வந்தது. பெட்டி வந்த அன்று பூசை. 'எல்லா இடமும் வை, பிள்ளை' என்றார் அப்பா. அவள்தான் கசட்டின் செப்புப் பல்லுக்குக்கூடப் பக்தியாய்ப் பூசினாள்!

"பெட்டி பழசை ஏற்குது. உங்கடை அண்ணை சரி... நான்..." நிபுணர் இருமுறை விழுங்கினார். "நான் பிழை."

"எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

"முதல் நாளே, செவ்வாய்க்கிழமை. நீங்கள் போய்க் கால் மணித்தியாலத்திலை."

"என்ன?! நாலு நாள் நான் ஒழுங்காச் சோறு தின்னேல்லை, தெரியுமே?"

"முகத்திலை தெரிஞ்சுது... வெக்கமாக் கிடக்கு. திருத்தித் தந்தால் நீங்கள் பிறகு வரமாட்டியள். எனக்கு உங்களை விருப்பம் எண்டு சொல்லப் பயம்... அதுதான்."

திட்டத்தான் நினைத்தாள். பெட்டியைக் கரியரில் வைத்துக் கட்டினாள். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ. எல்லாம் ஓடி, அப்பா சந்தோஷமா இருக்கேக்கை நான் கண் காட்டுவன். அப்ப இதை அவரிட்டைச் சொல்லுங்கோ."

"ஐயோ, ஓவசியரிட்டையோ! பயமாக் கிடக்கு..."

"பயம் எனக்கும்தான்..." அவள் சைக்கிளில் ஏறினாள். நாலு மிதி போன பிறகுதான், திரும்பிப் பாராமல், மீதியைச் சொன்னாள்.

"விருப்பமும் எனக்கும்தான்!"