நம்ம ஆள்

“ஒரு முழு யானையைக் கொண்டுவந்து உங்க வீட்டு ஹால்ல கட்டுறேன். ஒரே மாசம். அப்புறம் அது யாரோட யானைன்னு ஒருத்தரும் கேட்க மாட்டீங்க. ‘கொஞ்சம் நகரு, டிவி மறைக்குது’ன்னுதான் சொல்லுவீங்க.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் அவள் இப்படி அறிவித்ததும் கணவருக்குப் புரையேறியது. பத்து வயது மகள் குட்டி, யானை எந்தத் தேதியில் வரும் என்று கேட்டாள். எதிரே இருந்த நாத்தனார் மட்டும் அசையவில்லை. பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். கடவுளே நேரில் வந்து நின்றாலும் ‘விடை இருக்கட்டும், வழிமுறை எங்கே?’ என்று கேட்கிற ரகம்.

“யானையை விடுங்க அண்ணி. எங்க ஹெட்மாஸ்டரே பன்னிரண்டு வருஷமா எனக்குப் பழகல.”

“அவரை உனக்கு மொத்தமா கொடுத்துட்டாங்க. தினம் ஒரு துளியா கொடுத்திருந்தா பழகியிருக்கும்.”

அந்தத் துளிதான் அவள் தொழில். மருந்து ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில் பதினேழு வருடமாக, மருந்தைப் பொதிந்து அனுப்பும் கொழுப்பு உறைகள் செய்கிறாள். எவ்வளவு சின்ன உறை என்றால், ஒரு கடுகுக்குள் ஒரு மாநகரத்தையே குடிவைத்து, விருந்தாளிகளுக்குத் தனி அறையும் ஒதுக்கலாம். தேனீ கொட்டினாலே உயிருக்கு ஆபத்து என்கிற உடம்புக்காரர்களுக்கு, அந்த உறைக்குள் தேனீ விஷத்தையே வைத்து அனுப்புவாள். உடம்பின் காவல் செல்கள் இருக்கின்றனவே, அந்நியனைக் கண்டால் அவனைப் பிடிக்கிறேன் என்று ஊரையே கொளுத்துகிற முரடர்கள். அவர்களிடம் விஷத்தைத் தினம் ஒரு துளி, வலி இல்லாமல், சத்தம் இல்லாமல் காட்டிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் காவல்காரனே ‘இவரா, நம்ம ஆள்தான்’ என்று கதவைத் திறந்துவிடுவான். இதற்குச் சாட்சி, பயில்வான் என்று அவள் பெயர் வைத்த வெள்ளெலி. முன்பு தேனீ ஒருமுறை கொட்டியதற்கே செத்துப் பிழைத்தது. இப்போது தேன்கூட்டையே தலையணையாகக் கொடுத்தாலும் குறட்டை விடும்.

மறுநாள் காலை குளியலறைக் கொடியில் நாலு துவாலைகள் தொங்கின.

வீட்டில் மூன்று பேர். நாத்தனார் முந்தின மாலையே தன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். நாலாவது துவாலை சாம்பல் நிறம், அவள் வாங்கியதல்ல. தொட்டுப் பார்த்தாள். ஈரம்; அதோடு இப்போதுதான் ஒரு உடம்பை விட்டுப் பிரிந்ததுபோல ஒரு வெதுவெதுப்பு; மழையில் நனைந்து, அலமாரி மூலையில் பல மாதம் மறந்துபோன அட்டைப்பெட்டியின் வாடை.

“இது யாரோடது?”

கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்த கணவர் திரும்பவில்லை. “அவரோடது.”

“எவரோடது?”

“அவரோடதுதான்மா,” என்று கன்னத்தை இழுத்துப் பிடித்து, நிதானமாகக் கத்தியை ஓட்டினார்.

யானைப் பேச்சுக்குப் பழிவாங்குகிறார் என்று சிரித்துக்கொண்டாள். சிரிப்பு புதன்கிழமைவரை தாங்கியது. புதன் மாலை, வெளிச்சம் இன்னும் ஜன்னலில் மிச்சம் இருந்த நேரம், பழைய சாமான் போட்டுவைக்கும் பின்னறையிலிருந்து ஒரு இருமல் வந்தது. நீளமான, சளி கட்டிய, அவசரமே இல்லாத இருமல். இந்த வீட்டில் நாற்பது வருடம் இருமிப் பழகிய தொண்டையின் இருமல்.

“கேட்டுச்சா குட்டி?”

“அவர் எப்பவும் இருமுவாரே. கதவைச் சாத்தும்மா, ஹோம்வொர்க் இருக்கு.”

அவள் போன் செய்ததும் போலீஸ்காரர் ஒருவர் வரத்தான் செய்தார். வாசலிலேயே அவரை நிறுத்தி, “உள்ளே இருக்கிறது எங்க சொந்தக்காரர். இவளுக்குத்தான் ரெண்டு நாளா தூக்கமில்லை” என்று அனுப்பிவைத்தது சாட்சாத் கணவரேதான். குட்டியைக் கூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பார்த்தால், குட்டி கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அவரைத் தனியா விட்டுட்டா?”

தானே இழுத்து வெளியே தள்ளுவது என்று முடிவெடுத்தாள். பின்னறைக் கதவை ஒரு விரல்கடை திறந்தாள். இடுக்கில் ஒரு குதிகால் தெரிந்தது. அறைந்து சாத்தினாள். கைக்கடிகாரம் அவள் நாடியைக் காட்டியது: நூற்று நாற்பத்தெட்டு.

இந்தப் பயத்தோடு அந்த அறைக்குள் போக முடியாது. பயத்தை முதலில் கொல்ல வேண்டும். எப்படி என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தினம் ஒரு துளி. ஒரு நாளைக்கு ஒரு பார்வை. நாடியை நோட்டில் குறித்துக்கொள்வது.

மூன்றாம் நாள் முழங்கால்வரை பார்த்தாள். மயிரோ துவாரமோ இல்லாத தோல், கன்னத்தின் உட்புறம்போலச் சிவந்து, ஈரமாக. நூற்று முப்பத்தொன்று. ஆறாம் நாள் முதுகு. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. முதுகெலும்பின் முடிச்சுகளை எண்ணத் தொடங்கி, ஒரு மனிதனுக்கு வேண்டிய எண்ணிக்கையைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டாள். நூற்றுப் பன்னிரண்டு. ஒன்பதாம் நாள் அது கழுத்தைத் திருப்பத் தொடங்கியது. உடம்பு அப்படியே இருக்க, கழுத்து மட்டும் மெதுவாக, திருகாணிபோல. தொண்ணூற்று நாலு. பன்னிரண்டாம் நாள் முகத்தைப் பார்த்தாள். முழுதாக ஒரு நிமிடம் பார்த்தாள்.

எண்பது.

பெருமையாக இருந்தது. நாளை மறுநாள் உள்ளே போய்க் காதைப் பிடித்து இழுத்துவந்துவிடலாம்.

பதினாலாம் நாள் சனிக்கிழமை. ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை; குளிர்ப்பெட்டிகளின் முனகல் மட்டும். நோட்டில் இருந்த எண்களை ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடாக இழுத்தாள். அழகாக இறங்கிய கோடு. எங்கோ பார்த்த கோடு. பயில்வானின் பதிவுத்தாளை எடுத்தாள். தேனீ விஷத்துக்கு அந்த எலியின் எதிர்ப்பு நாளுக்கு நாள் குறைந்த படம். இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒரே கோடு.

பயம் சாகவில்லை. அவளுக்குள் இருந்த காவல்காரன் செத்துக்கொண்டிருந்தான். தினம் ஒரு துளி, வலியில்லாமல், சத்தமில்லாமல், அவள் கையாலேயே. ஊசியும் அவள். எலியும் அவள். அதன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். முகம் வரவில்லை; பழைய குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கிற யாரோ ஒருவரின் சாயல்தான் வந்தது. பாவம், அவர் சாப்பிட்டாரோ என்னவோ என்று ஒரு நினைப்பு ஓடியது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனை எடுத்தாள். நாத்தனாரை அழைத்தாள்.

“நாளைக்கு வா. வந்ததும் வீட்ல எத்தனை பேர்னு என்னைக் கேளு. மூணுன்னு சொன்னா உட்கார்ந்து சாப்பிடு. நாலுன்னு சொன்னா என்கிட்ட பேசாதே. குட்டியைத் தூக்கிட்டு ஓடு. நான் கத்தினாலும் சரி, கடிச்சாலும் சரி.”

“தலை எண்ணவா அண்ணி, நூத்தி இருபது கிலோமீட்டர்? வாரம் பூரா அதைத்தானே செய்றேன்.”

“சிரிக்காதே.”

“யானை வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. பின்னறையில இருக்கு. அது யாருன்னு வீட்ல ஒருத்தரும் கேட்கல” என்றாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

“சரி, முதல் பஸ்ல வரேன். எனக்கு நம்பிக்கை இல்லை, சொல்லிட்டேன். உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகத்தான் வரேன்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். மூணு. மூணு. நாங்க மூணு பேர். சாவியைத் திருகினாள். ஹாலில் விளக்கு எரிந்தது. பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

சோபாவில் இருந்தது.

மூணு.

தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

மூணு.

கடிகாரம்: எழுபத்தாறு. கிள்ளினாள். வலித்தது. மூணு. எழுபத்து நாலு. அது நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம்விட்டது. மூ

எழுபத்திரண்டு.

ஞாயிறு நிம்மதியாக விடிந்தது. துவாலைகளை மடித்துவைத்தாள். அவர் இருமியதும் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்து மணி வாக்கில் அழைப்பு மணி. கதவைத் திறந்தால் நாத்தனார். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா வருவது?

“வீட்ல எத்தனை பேர் அண்ணி?”

“இது என்ன கேள்வி? நாலு பேர். உட்கார், சாப்பிட்டியா?”

நாத்தனார் உட்காரவில்லை. அவள் தோளுக்கு மேலாக ஹாலைப் பார்த்தாள். பார்க்க அங்கே என்ன இருக்கிறது? கணவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது சட்டைக்கை தோளிலிருந்து தட்டையாகத் தொங்க, பக்கத்தைப் பல்லால் கவ்விப் புரட்டினார். எப்போதும் அப்படித்தானே புரட்டுவார். எதிரே சோபாவில் இருந்தவர் மடியில் குட்டி. குட்டியின் இடது கை மணிக்கட்டுவரை அவர் வாய்க்குள் இருந்தது. வலது கையால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

நாத்தனாரின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அலறலுக்கும் முந்தின ஏதோ ஒன்று. “குட்டி! அத்தைகிட்ட வா! வா!”

குட்டி நிமிர்ந்தாள். “அம்மா, யாரும்மா இவங்க?”

அதுதானே, யார் இவள்?

நாடி துள்ளியது. தொண்ணூறு. நூற்றுப் பத்து. நூற்று நாற்பத்தெட்டு. பல நாளாக இல்லாத படபடப்பு. வாசலில் ஒரு அந்நியப் பெண், தன் குழந்தையை நோக்கிக் கை நீட்டிக்கொண்டு. முரட்டுத்தனமாக ஒரு பலம் தோளில் ஏறியது. அந்தப் பெண்ணின் மார்பில் இரண்டு கையையும் வைத்து வெளியே தள்ளினாள். கதவை அறைந்தாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். சங்கிலி. முதுகைக் கொடுத்து நின்றாள்.

சோபாவிலிருந்து அவர் அவளைப் பார்த்து, குட்டியின் முழங்கைவரை நிறைந்த வாயோடு, மெச்சுகிற மாதிரி தலையாட்டினார்.

வெளியே கதவை இரண்டு முஷ்டிகள் இடித்துக்கொண்டே இருந்தன. “நம்பறேன் அண்ணி! நீங்க சொன்னதெல்லாம் நிஜம்! கண்ணால பார்த்துட்டேன், நடந்துடுச்சு! கதவைத் திறங்க அண்ணி, நடந்துடுச்சு!”