கம்பி போட்டாச்சு

எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த ஷெட்டின் ஷட்டரை மூத்தவன் தூக்கியபோது மத்தியானம் இரண்டு மணி. வெயில் உள்ளே நாலடிதான் போனது. அதற்கப்பால் இருட்டு. டீசல் வாடையோடு எங்கோ எலி செத்த நாற்றம்.

லாரி அதே இடத்தில் நின்றது. அங்கேதான் அவன் தம்பி செத்தான். கேபினை முன்பக்கம் சாய்த்துத் தூக்கிவிட்டு, என்ஜின் மேல் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் மீது கேபின் இறங்கிவிட்டது. தாங்கு கம்பி நழுவிவிட்டதாக மூத்தவன் சொன்னான். ஊரே நம்பியது.

அதன்பிறகு எந்த மெக்கானிக்கும் அந்த வண்டியைத் தொடவில்லை. ஒருவர் மட்டும் வாசல்வரை வந்து, “எனக்கும் புள்ளகுட்டி இருக்குப்பா” என்று திரும்பிவிட்டார்.

“வண்டி உருண்டாத்தான் வயிறு நிறையும். நானே பாத்துக்கிறேன்” என்றான் மூத்தவன், மனைவியிடம். “நீ பின்னால நின்னு ஸ்பானர் மட்டும் எடுத்துக் குடு.”

கேபினைத் தூக்கினான். கம்பியை மாட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்தான். பிறகு லாரியின் அடிச்சட்டத்தின் மேல் ஏறிக் குனிந்தான். புது கேஸ்கட் வைத்து, என்ஜின் ஹெட்டை அதன்மேல் இறக்கி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கத் தொடங்கினான். வேலை ஓட ஓட மனம் கொஞ்சம் இளகியது.

“பத்தொம்போது குடு.”

திரும்பாமல் நீட்டிய கையில் ஸ்பானர் வந்து உட்கார்ந்தது.

“இருபத்திரெண்டு.”

வந்தது. கேட்பதற்கு முன்பே துடைக்கிற துணியும் வந்தது.

“பரவாயில்லயே, தேறிட்ட” என்று சிரித்தான்.

அப்போது ஷெட்டை ஒட்டியிருந்த வீட்டின் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

“என்னங்க, டீ கொதிக்குது. இதோ வந்துடுறேன்!”

கையிலிருந்த ஸ்பானர் சில்லிட்டது.

அவன் திரும்பவில்லை.

காதருகே ஒரு மூச்சு. பிறகு, மெதுவாக:

“அண்ணே, கம்பி போட்டியா?”

அன்றைக்கும் தம்பி இதையேதான் கேட்டான். போனில் பேசிக்கொண்டிருந்த மூத்தவன் தலையைக்கூடத் திருப்பாமல் பதில் சொன்னான். கம்பி சுவரோரம் சாய்ந்திருந்தது.

“போட்டாச்சுடா.” இப்போதும் நாக்கு தானாகவே அதைச் சொன்னது.

தலைக்கு மேல் கேபின் கிறீச்சிட்டது.

ஒரு சாண் இறங்கியது.

அவன் பக்கவாட்டில் பார்த்தான். மூன்று முறை இழுத்துப் பார்த்து மாட்டிய கம்பி, சுவரோரம் சாய்ந்து நின்றது.

“அண்ணே, கம்பி போட்டியா?”

கேபினின் அடித்தகடு பிடரியைத் தொட்டது. கால் நகரவில்லை.

“போடலடா!” என்று கத்தினான். “அன்னிக்கு நான் போடல. போன்ல பேசிட்டு இருந்தேன். உங்கிட்டயும் பொய், ஊர்கிட்டயும் பொய். நான்தான்டா உன்னக் கொன்னேன்.”

கேபின் நின்றது.

அவன் வழுக்கிக் கீழே விழுந்து, தவழ்ந்து வெளியே வந்தான். முதுகுக்குப் பின்னால் கேபின் இடி போல் விழுந்தது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். கொண்டுவந்த டீ டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“எல்லாம் கேட்டுட்டேன்” என்றாள். “இத நீங்களே போய் அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லணும்.”

சொன்னான். தம்பி மனைவி அழவில்லை, திட்டவில்லை. முழுதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். லாரியை மறுவாரமே உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அத்தோடு தீர்ந்தது என்றுதான் மூத்தவனும் மனைவியும் நினைத்தார்கள்.

பத்து நாள் கழித்து, கொடியில் காய்ந்த அவன் வெள்ளைச் சட்டையை மனைவி எடுத்தாள். முதுகில் கறுப்பாக ஒரு உள்ளங்கைத் தடம். தொட்டுப் பார்த்தாள். கிரீஸ், ஈரம் காயவில்லை. துவைத்துப் போட்டாள். மறுநாள் வேறொரு சட்டையில், இன்னும் கொஞ்சம் மேலே.

இன்று காலை இரண்டு தடங்கள் இருந்தன. கழுத்துப்பட்டையின் இரண்டு பக்கமும்.